விமானம் இப்போது எங்கே வருகிறது

கோவில்பத்து, காரைக்கால்
12 ஜனவரி 2025

பாரிஸ் மாநகரத்தின் ஆறாவது மாடியிலிருந்து அகிலத்தை ஆளும் மருமகள் கவியாவுக்கு, கோவில்பத்தின் குறுநில மன்னனும், மின்துறையில் முப்பது வருடம் இருட்டோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவனுமாகிய உன் தாய்மாமன் தெட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை, சுரக்குடியில் உன் அம்மா, அவள் வீட்டுப் பசுமாடு முதற்கொண்டு சகலரும் சுகம். அங்கு உன் சுகத்தையும், மாப்பிள்ளை சிலம்பரசன் சுகத்தையும், உள்ளே குடியிருக்கும் மூன்று மாதப் பெரியமனிதரின் சுகத்தையும் அறிய ஆவல்.

மூன்று மாதம் முடியட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்து நேற்றுதான் அம்மாவுக்குப் போனில் சொன்னாயாம். சொன்ன அடுத்த நிமிடம் சுரக்குடியில் நில அதிர்வு. அக்கா போட்ட கூச்சலில் திருநள்ளாற்றுக் கோயில் யானை திரும்பிப் பார்த்ததாகத் தகவல். போன ஆனியில் மாங்கனித் திருவிழாவன்று உனக்காக முந்தானையை விரித்துக்கொண்டு பாரதியார் வீதியில் வெயிலில் நின்றாளே, அந்தப் பலன் என்கிறாள். மாடியிலிருந்து எறிந்த மாம்பழத்தில் மூன்றுதான் அவள் மடியில் விழுந்தது. மீதி முந்நூறும் என் மண்டையில். அதை யாரும் பேசுவதில்லை.

என் காது இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். மிஷின் வைத்தால் இலங்கை ரேடியோ கேட்கிறது, பக்கத்தில் நிற்கும் உன் அத்தை கேட்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆகவே போனில் வாழ்த்தாமல் இந்த ஈமெயிலை ஒற்றை விரலால் குத்துகிறேன். விரல் தேய்ந்து சுண்டுவிரல் அளவாகிவிட்டது.

அக்காவின் அரசாணை ஒன்று. பிரசவம் வரைக்கும் நீ வீடியோவில் வரக் கூடாது. போன இரண்டு தடவையும் ஊருக்கெல்லாம் வயிற்றைக் காட்டிக் கண் பட்டதால்தான் தங்கவில்லை என்பது அவள் தீர்ப்பு. அப்பீல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குரல் மட்டும்.

இன்னொன்று. பிரசவத்துக்கு அங்கே வருவேன் என்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டாள். பாரிஸுக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம், விமானம் எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதச் சொன்னாள். ஏழு பகல் ஏழு ராத்திரி, நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றும்படி பதில் போடவும்.

கடல் கடந்து ஆசி அனுப்பும்,
தெட்சிணாமூர்த்தி மாமா

*

பாரிஸ்
19 ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நானும் அவரும் நலம். நீங்களும் அத்தையும் நலமா? அம்மா மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

உங்கள் மானத்தைக் காப்பாற்ற முடியாது. எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம், நடுவில் யாரும் தள்ள வேண்டாம். காலையில் இங்கே ஏறினால் அன்று ராத்திரி சென்னையில் இறங்கிவிடலாம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஏழு நாள் என்றால் அவர்கள் புளியோதரை ஒரு அண்டா கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அரசாணைக்குக் கட்டுப்படுகிறேன். இங்குள்ள டாக்டரும் ஓர் அரசாணை போட்டிருக்கிறார். போன இரண்டும் அப்படி ஆனதால் இந்தத் தடவை நான் விமானத்தில் ஏறவே கூடாதாம். மாடிப்படி ஏறுவதற்கே கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் வளைகாப்புக்கு வர முடியாது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இதற்குமேல் நான் எதையும் பணயம் வைக்கத் தயாராக இல்லை.

மாமா, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பு என்று சொன்னீர்கள். வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். வாசலில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்தது, நான் கிளம்புவதற்கு முன்பே அப்பா போய்விட்டார் என்று. அதற்காக உங்களோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன். இங்கிருந்து நான் எதையும் பார்க்க முடியாது. நீங்கள் சொல்வதுதான் எனக்கு ஊர். அம்மாவுக்கு ஒன்று என்றால் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சத்தியம் செய்து எழுதுங்கள்.

அன்புடன்,
கவியா

*

கோவில்பத்து
23 பிப்ரவரி

நான்கு மாதப் பெரியமனிதரைச் சுமக்கும் பல்லக்குக்கு, மாமன் எழுதும் மடல். இங்கு அனைவரும் சுகம். அங்கு மூவரும் சுகமாக இருக்க திருநள்ளாற்றான் துணை.

பதில் போட ஒரு மாதம் ஆனதற்கு மன்னிக்கவும். உன் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டப் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பாஸ்போர்ட் போட்டோவில் கண் சரியாக விழவில்லை என்று ஆரம்பித்து, வந்ததுதான் வந்தோம் என்று தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியது என்றால், சின்ன டாக்டராக உள்ளே போனவர் நம் முறை வருவதற்குள் பெரிய டாக்டராகிவிட்டார். அக்காவை ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துக் கல்யாண ஆல்பம் போலப் படம் எடுத்தார்கள். "உள்ள போயி படுத்தேன்டா, பிளேன் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். இப்படித்தான், ஆனால் இட்லி கொடுப்பார்கள் என்றேன்.

வயதுக்குத் தக்க சின்னச் சின்ன ரிப்பேர்கள். அவ்வளவுதான். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். உனக்காகச் சனிக்கிழமை விரதம் இருக்கிறாள் அல்லவா, சனிபகவானே போதும் நிறுத்து என்று கெஞ்சும் அளவுக்கு இருக்கிறாள். பாஸ்போர்ட் கொஞ்சம் தள்ளிப்போகும். பிரசவத்துக்கு அவள் வரவில்லை, நீயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும் என்று சொல்லச் சொன்னாள்.

சத்தியம் கேட்டிருந்தாய். அரிச்சந்திரன் சுடுகாட்டில் நின்றபோது அவனுக்கே தைரியம் சொன்ன பரம்பரை நம் பரம்பரை. சந்தேகம் வேண்டாம்.

பொது அறிவுக்காக ஒரு கேள்வி. பிரசவமான எத்தனை நாளில் விமானத்தில் ஏறவிடுவார்கள்? கைக்குழந்தையை ஏற்றுவார்களா? இங்கே டீக்கடையில் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

புதுச்சேரி சென்று மீண்ட புகழுடைய,
மாமன்

*

பாரிஸ்
4 மார்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அங்கு அம்மா நலமா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. விரதம் எல்லாம் போதும், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

முந்தாநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது முதல் தடவையாக உதைத்தது. ஒரு சின்ன மீன் திரும்பிப் படுத்ததுபோல. பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அவளைத் தெரியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டாள். அம்மாவிடம் சொன்னபோது போனில் சத்தமே இல்லை. அழுதார்களா?

உங்கள் டீக்கடைப் பந்தயத்துக்குப் பதில்: தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு மாதமாவது ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். ஆகஸ்டு கடைசியில் நாங்கள் மூன்று பேராக வருகிறோம். அவர் இப்போதே பெட்டி வாங்கிவிட்டார்.

உங்கள் சத்தியத்தை மூன்று தடவை படித்தேன் மாமா. அதில் சத்தியம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அன்புடன்,
கவியா

*

கோவில்பத்து
22 மார்ச்

ஐந்து மாதத்திலேயே காலால் உதைத்துத் தன் வருகையை அறிவித்த வீரனின் தாய்க்கு, மாமன் எழுதுவது. இங்கு சுகம். உன் பக்கத்துச் சுகத்துக்குத்தான் காத்திருக்கிறோம். போன ஞாயிறு நீ போன் செய்யவில்லையே. செய்தியாவது போடு.

அந்த உதை செய்தி இங்கே என்ன பாடு படுத்துகிறது தெரியுமா? அக்கா அதைத் தெருவில் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டாள். முதல் ஆளிடம் சொல்லும்போது மீன் புரண்டது போல இருந்தது. நாற்பதாவது ஆளிடம் வரும்போது உள்ளே திருநள்ளாற்றுத் தேர் ஓடுகிறது. எனக்குப் போட்டியாக வந்துவிட்டாள். அவள் படுத்தபடியே, அதாவது மதியம் சற்றுச் சாய்ந்திருக்கும்போது, பேர் யோசிக்கிறாள். நான் ஒரு பேர் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பசி வந்துவிடும் என்று தள்ளிவிட்டாள்.

நீ வேலைக்குப் போகிறாயா, லீவு போட்டாயா? மாப்பிள்ளை மாடிப்படியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாரா? அவர் இடுப்புக்கு நான் தைலம் அனுப்புகிறேன். அக்கா கேட்கிறாள், இப்போதும் உதைக்கிறதா என்று. பகலிலா, ராத்திரியிலா? அதை மட்டுமாவது எழுது. அவள் நாள் பூராவும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறாள்.

ஆவலே உருவான,
மாமன்

*

பாரிஸ்
13 ஏப்ரல்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். எல்லோரும் நலமா?

எழுத முடியவில்லை, மன்னியுங்கள். பள்ளிக்கூட கேண்டீனில் ஆள் குறைவு, வேலை அதிகம். பிறகு கொஞ்ச நாள் லீவில் இருந்தேன். இப்போது பரவாயில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை இரண்டு வார்த்தைதான் பேசினார்கள். நானும் அவ்வளவுதான் பேசினேன். உதைக்குதா என்று கேட்டார்கள். ம் என்றேன். அத்தோடு போனை வைத்துவிட்டோம். வீடியோ வேண்டாம் என்று அம்மா சொன்னது நல்லதுதான். அப்படியே இருக்கட்டும்.

மாமா, சும்மா கேட்கிறேன். அம்மாவால் ஒரு பெரிய வருத்தத்தைத் தாங்க முடியுமா? அப்பா போனபோது தாங்கினார்களே. அப்போது இருந்த தெம்பு இப்போது இருக்கிறதா? யாருக்காகவும் கேட்கவில்லை. சும்மாதான்.

புது வருஷ வாழ்த்துகள்.

கவியா

*

கோவில்பத்து
28 ஏப்ரல்

ஏழாம் மாதத்தில் அடியெடுத்து வைத்த மகாராணிக்கு மாமன் எழுதுவது. இங்கு சுகம் கரைபுரண்டு ஓடுகிறது. அங்கும் அவ்விதமே என நம்புகிறேன்.

முந்தாநாள் சுரக்குடியில் உனக்கு வளைகாப்பு நடந்தது. நீ இல்லாமல் எப்படி என்று கேட்காதே. நீ வராவிட்டால் வளைகாப்பு நின்றுவிடுமா? எலுமிச்சை, புளி, தேங்காய், எள்ளு, தயிர் என்று சாதம் ஐந்து வகை. வந்த பெண்கள் நூறு பேர் என்று எழுத ஆசைதான், பதினோரு பேர். உன் வளையல்களை யார் கையில் போடுவது என்று சபையில் பெரிய விவாதம். கடைசியில் அக்கா தன் கையை நீட்டினாள். "அவ கையி எங் கையிலேருந்து வந்ததுதான, போடு" என்றாள். முழங்கை வரைக்கும் தாராளமாக ஏறிற்று. சிரித்தோம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பெரிய வருத்தம் எதற்கு அவளுக்கு? ஆடி பிறந்ததும் பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது. அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் வருத்தத்தைக் கொண்டுபோய் நீட்டினால் என்னைத் தெருவை விட்டே துரத்துவாள். அப்படி எதுவும் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதே தற்போது என் முழுநேர உத்தியோகம்.

தொண்டையில் ஏதோ புண். டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார். அறுபத்தாறு வருடம் ஓயாமல் பேசிய வாய்க்குக் கட்டாய ஓய்வு. இனி ஞாயிற்றுக்கிழமை நீ பேசு, அவள் கேட்பாள். அவள் சொல்ல வேண்டியதை நான் எழுதுகிறேன். காது கேளாதவன் ஊமைக்கு மந்திரியாக அமர்ந்த ராஜ்யம் உலகத்தில் இது ஒன்றுதான்.

பேச்சுத்துறை அமைச்சர்,
மாமன்

*

பாரிஸ்
9 மே

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா?

வளையல் விஷயம் படித்தேன். அதற்குமேல் அன்று எதுவும் செய்ய முடியவில்லை.

போன ஞாயிறு நான் பேசினேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தொண்டைப் புண்ணில் வருகிற மூச்சு இல்லை அது. நானும் இப்போது ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இருந்துவிட்டு வந்தவள்தான், எனக்குத் தெரியும்.

நான் வரட்டுமா மாமா? டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பத்து மணி நேரம்தானே. அம்மாவிடம் எனக்கு நேரில் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் முடியாது. எப்படி வந்து முன்னால் நிற்பது என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். 'வா' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், கிளம்பிவிடுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கவியா

*

கோவில்பத்து
20 மே

மருமகள் கவியாவுக்கு, மாமன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். உன் சுகமும் பிள்ளையின் சுகமும்தான் முக்கியம்.

பதில் தாமதம். இங்கே கத்திரி வெயில். தார் ரோடு உருகிக் கடலில் கலக்கிறது, மீன்கள் வெந்து கரையேறுகின்றன, பக்கத்து ஊர் போலகத்துக்காரர்கள் தட்டோடு போய் நிற்கிறார்கள். இந்த வெயிலில் மின்வெட்டு வேறு. என் போன் செத்துப் பிழைத்து இன்றுதான் எழுந்தது. இந்த ஞாயிறு சுரக்குடி போன் எடுக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அதுவும் மின்வெட்டுதான்.

நீ வரக் கூடாது. எட்டாம் மாதத்தில் எந்த டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார்? ஆசையில் எழுதுகிறாய். பத்து மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? போன இரண்டு தடவையும் பட்டது போதும். அக்காவின் ஆணையும் அதேதான். வந்தால் கதவைத் திறக்க மாட்டாளாம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆடி வரைக்கும் பொறு. பிள்ளை நல்லபடியாக வெளியே வரட்டும். அதற்குப் பிறகு வா. பேச வேண்டியதை எல்லாம் பேசிக்கொள்ளலாம். நானும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் தனியாக எழுந்து நடக்காதே.

மாமன்

*

பாரிஸ்
1 ஜூன்

மாமாவுக்கு,

எட்டாம் மாதம் இல்லை மாமா. எதுவும் இல்லை. மார்ச் பதினோராம் தேதியே போய்விட்டது. உதைத்து ஒன்பதாம் நாள். பெண் குழந்தை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். இந்தத் தடவை முகம் இருந்தது.

சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் தெளிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். அதற்குள் அம்மா தெருவில் நாற்பது பேரிடம் சொன்னார்கள் என்று எழுதினீர்கள். போன தடவை நடந்தபோது அம்மா ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை என்று நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். இந்தத் தடவை உடம்பும் மெலிந்திருக்கிறது, குரலும் சரியில்லை. எப்படிச் சொல்வது? தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் உதைக்குதா என்று கேட்பார்கள். ம் என்பேன். டாக்டர் ஏப்ரலிலேயே பறக்கலாம் என்று சொல்லிவிட்டார். இந்த வெறும் வயிற்றோடு அம்மா முன்னால் வந்து நிற்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

இனி முடியாது. ஜூலை வந்தால் என்ன சொல்வேன்? இந்த மாதம் நான்காம் தேதி காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அன்று ராத்திரி சென்னை. அவருக்கு லீவு இல்லை, தனியாகத்தான் வருகிறேன். அம்மாவிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் மடியில் படுத்துக்கொண்டு சொல்கிறேன். திட்டட்டும், அழட்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள்தான்.

கவியா

*

கோவில்பத்து
2 ஜூன்

அன்புள்ள கவியாவுக்கு, தெட்சிணாமூர்த்தி மாமா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறதம்மா? மார்ச் மாதமே கேட்டிருக்க வேண்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

உன் அம்மா இறந்துவிட்டாள். மே பதினாறு, வெள்ளிக்கிழமை பகலில். நேற்று முன்தினம் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நீ விமானத்தில் ஏறும் முன் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் அப்பா விஷயத்தில் செய்ததை இன்னொரு தடவை உனக்குச் செய்ய மாட்டேன்.

பிப்ரவரியில் புதுச்சேரிக்குப் போனது கண்ணுக்கு இல்லை. வயிற்றில் புற்று. ஈரல் வரைக்கும் போய்விட்டது, ஆடி வரை தாங்கினால் பெரிது என்றார்கள். பஸ் ஏறும் முன்பே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஓடியாருவா. இதுவும் போயிரும். பொறந்து ஒரு மாசம் கழிச்சு சொல்லு" என்றாள். உனக்கு எழுதிவிட்டேன் என்று அவளிடம் பலமுறை பொய் சொல்லிப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்தே பொய் என்று கண்டுபிடித்து, நான் எழுதவில்லை என்ற நிம்மதியில் தூங்குவாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாச்சிக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று தெருவே வாயைக் கட்டிக்கொண்டது.

'வா' என்று எழுதச் சொன்னாயே, அந்தக் கடிதம் வந்தபோது உயிரோடு இருந்தாள். ஐந்து நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு வார்த்தை. பிள்ளை பிழைக்கட்டும் என்று எழுதவில்லை. இல்லாத பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

உன்னிடம் மறைக்கக் கூடாதது இன்னும் ஒன்று இருக்கிறது. பதினான்காம் தேதி காலையில் அக்கா, அதுவரைக்கும் வேண்டாம் வேண்டாம் என்றவள், கண்ணைத் திறந்து "கவியாவ வரச் சொல்லுடா" என்றாள். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? "கெளம்பிட்டாக்கா. பிளேன்ல இருக்கா" என்றேன். டாக்டர் விட்டாரா என்று சைகை செய்தாள். டாக்டரே கூட வருகிறார் என்றேன்.

அதிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை "எங்க வருது?" என்று கேட்பாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் உலகப் படத்தை வைத்துக்கொண்டு ஓட்டினேன். துருக்கி மலைக்கு மேலே வருது, கீழே பூரா பனி, என்றேன். "சாப்ட்டாளா?" "உப்புமா குடுத்தாங்களாம்." "புள்ளத்தாச்சிக்கு உப்புமாவா?" என்று கோபம் வந்துவிட்டது. பத்து நாளாக வாய் திறக்காதவள் அந்த விமானக் கம்பெனியை வைதாள். கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று சீட்டு ஒதுக்கிப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்றேன்.

பத்து மணி நேரத்தில் வந்துவிடும் விமானம். ஆனால் இறங்கினால் நீ இருக்க வேண்டும். அதனால் என்னால் இறக்க முடியவில்லை. அரபிக்கடலில் எதிர்க்காற்று அடிக்கவிட்டேன். பம்பாயில் பனிமூட்டம் போட்டேன், மே மாதத்தில். மறுநாள் பூராவும் அங்கேயே வட்டமடிக்க வைத்தேன். நான் வாழ்நாளில் விட்ட கதைகளில் ஒன்றைக்கூட அக்கா நம்பியதில்லை. இதை நம்பினாள். சென்னையில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று ஒவ்வோர் ஊரிலும் டீ குடிக்க வைத்தேன். இரண்டு நாள், இரண்டு ராத்திரி அவளைப் பிடித்து வைத்திருந்தது அதுதான் என்று உன் அத்தை சொல்கிறாள். வலியில் அவளை இரண்டு நாள் கிடக்கவைத்ததும் அதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியவில்லை.

நான்காம் தேதி ராத்திரி சென்னையில் வாசலில் நிற்பேன். கார் பிடித்திருக்கிறேன். நீ என்னோடு பேச வேண்டும் என்பதில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். "வாசல் லைட்ட போட்டு வையி, இருட்டுல வந்து எறங்குவா" என்றாள். வெயில் கொளுத்துகிறது. எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். எங்கே வருகிறாள் என்று கண்ணால் கேட்டாள். சீர்காழி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் "தரங்கம்பாடி தாண்டிட்டாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப வந்துட்டா" என்றாள்.

இப்படிக்கு,
தெட்சிணாமூர்த்தி